பாசியும் பென்சிலினும்

இரமலான் மாதத்து மாலை வேளையில், கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் நோன்பு துறக்கும் இல்லங்களில், கஞ்சிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் அருகே வேறொரு பண்டமும் பரிமாறப்படும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, வில்லை வில்லையாக நறுக்கிய பண்டம் அது. அதற்குக் 'கடற்பாசி' என்றே பெயர். நாவுக்குக் குளிர்ச்சி தரும். ஆயினும் நம் கோடை வெயிலில் தட்டிலே வைத்திருந்தாலும் உருகி ஓடாது. இந்த உருகாத தன்மையை மாணவ நண்பர்கள் சற்றே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். சமையலறையில் மெச்சப்படும் இப்பண்பைப் பற்றிக்கொண்டுதான் நோய்க்கிருமிகளைத் தனித்தனியே பிரித்தறியும் கலை வளர்ந்தது. பென்சிலின் முதலான மருந்துகளின் கதையும் அதனோடு பின்னிக் கிடக்கிறது. அக்கதையின் ஒரு நுனி நம் இராமநாதபுரம் கடற்கரையிலேயே இருக்கிறது.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளின் மேலும், ஆழமற்ற கடலடியிலும் பலவகைப் பாசிகள் வளர்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று நம் மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் செம்பாசி இனத்தவை. அவற்றை வேகவைத்தால் கிடைக்கும் கூழ்ப்பொருளே 'அகர்' எனப்படுவது. இது மலாய் மொழியிலிருந்து வந்த சொல். மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று விற்கப்படுவதும் இதுவே. கஞ்சிப்பாசியின் அகர் பெரும்பாலும் உணவுப் பண்டங்களுக்குப் பயன்படுகிறது. மரிக்கொழுந்தின் அகர் அதனினும் உறுதியாக இறுகுவதால் அதற்கு மதிப்பு மிகுதி.

இப்பாசியை எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். சின்னப்பாலம் முதலிய கடலோர ஊர்களிலிருந்து படகேறிச் சென்று, கண்ணாடி அணிந்து, விரல்களில் துணியோ இரப்பரோ சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி மூழ்கி அவர்கள் பாசியைக் கொய்து வருகிறார்கள். பாறை கீறும், அலை இழுக்கும், உப்பு நீர் புண்ணில் எரியும். கரை சேர்ந்த பாசியை மணலில் உலர்த்தி விற்கிறார்கள். 1966-ஆம் ஆண்டு முதல் இக்கடற்கரையில் அகருக்கான பாசி வணிக முறையில் எடுக்கப்பட்டு வருகிறது. மதுரையிலும் பிற ஊர்களிலும் உள்ள ஆலைகள் அதை வாங்கிக் கழுவி, வேகவைத்து, வடிகட்டி, உறையவைத்து, நீர் நீக்கிப் பொடியாகவோ இழையாகவோ ஆக்குகின்றன.

நான் பணியில் இருந்த நாளில், பாசி எடுக்கும் குடும்பத்து மாணவி ஒருத்தி, "எங்கள் அம்மா எடுக்கிற பாசி கடைசியில் எங்கே போகிறது, ஐயா?" என்று வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. "ஐஸ்கிரீமுக்குப் போகிறது, மிட்டாய்க்குப் போகிறது" என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி விடைதான். மீதி விடையைத் தெரிந்துகொள்ள நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மனியில் நிகழ்ந்ததைப் பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் இராபர்ட் கோக் என்னும் மருத்துவ அறிஞர், எந்த நோயை எந்தக் கிருமி விளைவிக்கிறது என்று கண்டறிய முயன்றுகொண்டிருந்தார். நோயாளியின் சளியிலோ இரத்தத்திலோ பலவகைக் கிருமிகள் கலந்திருக்கும். அவற்றைத் திரவத்தில் வளர்த்தால் எல்லாம் ஒன்றாய்க் கலங்கிப் போகும். ஆகவே கெட்டியான பரப்பின் மேல் வளர்க்க வேண்டும். அவர் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தில் வளர்த்துப் பார்த்தார். பல கிருமிகள் அதில் வளரவில்லை. பிறகு ஜெலட்டினைப் பயன்படுத்தினார். நம் உடலின் வெப்பநிலையான 37 பாகையில் ஜெலட்டின் உருகிவிட்டது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று கரைத்துவிட்டன.

கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் பணியாற்றினார். அவருடைய மனைவி பேனி ஹெஸ்ஸே கணவரின் ஆய்வில் துணை நின்றவர்; படம் வரைவதிலும் வல்லவர். "உங்கள் பழக்கூழ் மட்டும் கோடையில் எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று கணவர் கேட்டபோது, அதில் சேர்வது அகர் என்று அவர் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டைவீட்டாரிடமிருந்து இளமையில் அவர் கற்ற பக்குவம் அது. 1881-ஆம் ஆண்டில் அந்த அம்மையார் கூறிய யோசனை ஆய்வுக்கூடத்தின் இடர் முழுவதையும் தீர்த்துவைத்தது. அகர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 85 பாகையில் உருகும். ஒருமுறை உருகிவிட்டால் 40 பாகைக்குக் கீழே வந்த பின்னரே இறுகும். இறுகியபின் 37 பாகையில் வைத்தாலும் இளகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. ஒரு லிட்டர் ஊட்ட நீருக்குப் பதினைந்து கிராம் அகர் போதும். 1882-இல் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தபோது அகரின் பெயரும் அந்த அறிக்கையில் இடம்பெற்றது. 1887-இல் அவருடைய உதவியாளர் பெட்ரி, மூடியுடன் கூடிய தட்டையான கண்ணாடித் தட்டை அமைத்தார். பெட்ரி தட்டும் அகரும் அன்று முதல் இணைபிரியாத் துணைகள் ஆயின.

அத்தட்டில் நிகழ்வது என்ன? கிருமிகள் கலந்த துளி ஒன்றை அகரின் மேல் மெல்ல இழுத்துத் தேய்த்தால், அவை ஒன்றுக்கொன்று விலகி அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். நல்ல உணவும் இதமான வெப்பமும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கின்றன. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பத்து மணி நேரத்தில் முப்பது முறை பிளந்தால் எத்தனை ஆகும் என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றேழு கோடிக்கும் மேல் வரும்! கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிர், மறுநாள் காலையில் குண்டூசித் தலையளவு கூட்டமாகத் தெரியும். இதனைக் காலனி என்பர். ஒரே உயிரின் வழித்தோன்றல்கள் ஆதலால் அக்கூட்டத்தில் கலப்படம் இராது. நிறமும் வடிவும் பார்த்துக் கிருமியை அடையாளம் காணத் தொடங்கலாம்.

இந்த வசதியின் அருமையை உணர நம் மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற தமிழ் மக்களை முன்னர் மண்டபம் முகாமில் சில நாள் தடுத்து வைத்திருந்தார்கள். காலராவோ அம்மையோ அவர்களிடம் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதுவே வழியாக இருந்தது. நோய் வெளிப்படும்வரை காத்திருக்க வேண்டும், வெளிப்படாவிட்டால் கப்பலேறலாம். இன்று காலரா என ஐயுற்றால் மலத்தில் ஒரு துளியை அதற்கென்றே அமைந்த அகர்த் தட்டில் இட்டு வைக்கிறார்கள். காலராக் கிருமி இருப்பின் மறுநாளே அங்கே மஞ்சள் நிறக் கூட்டங்கள் தோன்றும். பிறகு வேறு சோதனைகளால் அதை உறுதி செய்துகொள்கிறார்கள். பல நாள் சிறைவாசத்தின் இடத்தில் ஓரிரவு வளர்ப்பு வந்திருக்கிறது. அதே மண்டபம் முகாமில்தான், 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை இயங்கியது. அங்கு நம் பாசிகளிலிருந்து அகர் எடுக்கும் எளிய முறைகளும் ஆராயப்பட்டன.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங், விடுமுறைக்குப் பின் தம் பெட்ரி தட்டுகளைப் பார்வையிட்டார். ஒரு தட்டில் எங்கிருந்தோ வந்து விழுந்த பூசணம் வளர்ந்திருந்தது. பூசணத்தைச் சுற்றி இருந்த சீழ்க்கிருமிக் கூட்டங்கள் கரைந்து மறைந்திருந்தன. கெட்டியான அகர்ப் பரப்பு இல்லாமல் குழம்பிய திரவமாக இருந்திருந்தால் அந்தத் தெளிந்த வளையம் அவர் கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருக்காது. பூசணத்தின் பெயர் பெனிசிலியம் ஆதலால் அதிலிருந்து கசிந்த பொருளுக்குப் பென்சிலின் என்று பெயரிட்டார்.

கண்டது ஒருவர், மருந்தாக்கியது வேறு சிலர். ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி முதலியோர் பென்சிலினைப் பிரித்தெடுத்து, 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குச் செலுத்தினர். சீழ் பிடித்து உயிருக்குப் போராடிய அவர் நாலைந்து நாளில் தேறி வந்தார். ஆனால் கையிருப்பு மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பென்சிலினைத் திரும்பப் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். போதவில்லை, அவர் இறந்துபோனார். மருந்து இன்னது என்று தெரிந்தும், அது போதிய அளவில் இல்லாமையால் ஓர் உயிர் போயிற்று. மருந்துத் தொழில் ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. பின்னர் அமெரிக்காவில் மக்காச்சோளம் ஊறிய நீரை உணவாக இட்டுப் பெருந்தொட்டிகளில் பூசணத்தை வளர்த்தார்கள். 1944-இல் போர்முனைக்கு வேண்டிய அளவு பென்சிலின் கிடைத்தது. அதே போரில், அகரைப் பெரிதும் விற்றுவந்த ஜப்பானின் வாணிகம் 1941-இல் அறுந்தது. ஆய்வுக்கூடங்கள் தவித்தன, நாடுகள் தத்தம் கடற்கரைகளில் அகர் தரும் பாசியைத் தேடத் தொடங்கின. நம் நாட்டிலும் அகர் ஆராய்ச்சி வேகம் பெற்றது அப்போதுதான்.

விடுதலைக்குப் பின் இந்தியா மருந்துக்குப் பிற நாடுகளை நம்பியிருக்க விரும்பவில்லை. புனேக்கு அருகே பிம்ப்ரியில், உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெபும் உதவ, 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைந்தது. அங்கே பென்சிலின் உற்பத்தியாயிற்று. பின்னர்த் தனியார் நிறுவனங்கள் பெருகி, உலகெங்கும் குறைந்த விலையில் மருந்து அனுப்பும் நாடாக இந்தியா உயர்ந்தது. எனினும் 1990-களுக்குப் பின் பென்சிலினின் மூலப்பொருளுக்கே சீனத்தை எதிர்பார்க்கும் நிலை வந்தது. அந்நிலையை மாற்றவே 2020-இல் மூல மருந்துகளுக்கு உற்பத்தி ஊக்கத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது.

மருந்துக் கடையில் 'ஆன்டிபயாட்டிக்' எனப்படும் இந்த நுண்ணுயிர்க் கொல்லிகள் எவ்வாறு வேலை செய்கின்றன? பாக்டீரியாவின் உயிரணுவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. பென்சிலின் அச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. சுவரிழந்த கிருமி வெடித்து மடிகிறது. மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே அது தப்புகிறது. 1943-இல் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், கிருமி தனக்கு வேண்டிய புரதத்தை ஆக்கவொட்டாமல் செய்கிறது. ஜலதோஷத்தையும் ஃப்ளூ காய்ச்சலையும் டெங்குவையும் விளைவிக்கும் வைரசுக்கோ சுவரும் இல்லை. புரதம் ஆக்கும் பட்டறையும் இல்லை. ஆதலின் வைரசுக் காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க் கொல்லி பயன்படாது. கிருமி நோய்களிலும் எல்லாவற்றுக்கும் அதுவே முதல் மருந்து அன்று. காலராவில் உயிர் காக்கும் முதல் மருந்து, உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீரே.

இனி நாம் அஞ்ச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளுள் ஏதேனும் ஒன்று தற்செயலாய்ச் சற்றே மாறிப் பிறக்கும். அம்மாற்றம் மருந்தைத் தாங்கும் ஆற்றலைத் தரலாம். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, தாங்கிய ஒன்று மட்டும் போட்டியின்றிப் பெருகும். மேலும் பாக்டீரியாக்கள் இந்த ஆற்றலை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொள்ளவும் வல்லவை. 1945-இல் நோபல் பரிசு பெற்ற உரையிலேயே பிளெமிங், குறைந்த அளவில் பென்சிலினைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எச்சரிக்கை பலித்துவிட்டது. இறுதிக் காப்பாக வைத்திருந்த மருந்துகளையும் அழிக்கும் நொதி ஒன்று, இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் கிருமியில் காணப்பட்டு, 2009-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு நம் தலைநகரின் பெயரே சூட்டப்பட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் நேராக மாண்டவர்கள் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று பின்னர் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

புது மருந்து கண்டுபிடித்தால் ஆயிற்று என்பார் உண்டு. அதில்தான் தொழிலின் சிக்கல் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஒருவர் வாழ்நாள் முழுதும் வாங்குவார். நுண்ணுயிர்க் கொல்லியையோ சில நாள் மட்டுமே வாங்குவார். அதிலும் புதிய கொல்லியை அருமையாகப் போற்றி, வேறு வழியற்றபோது மட்டுமே தர வேண்டும். மிகுந்த பொருட்செலவில் கண்டுபிடித்ததைக் குறைவாக விற்க வேண்டும் என்றால் எந்த நிறுவனம் முன்வரும்? அதனால் பெரிய நிறுவனங்கள் பல இத்துறையை விட்டு விலகின. ஆகவே இருக்கும் மருந்தைக் காப்பதே கைமேல் உள்ள வழி.

காப்பதற்கு உதவுவதும் நம் அகர்த் தட்டே. நோயாளியின் கிருமியை அகரின் மேல் சீராகப் பரப்பி, வெவ்வேறு மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஓரிரவு வெதுவெதுப்பில் விடுவார்கள். கிருமியை வெல்லும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். தோற்ற மருந்தின் விளிம்புவரை கிருமி வளர்ந்து நிற்கும். வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து எந்த மருந்து ஏற்றது என்று மருத்துவர் முடிவு செய்கிறார். பிளெமிங் தற்செயலாய்க் கண்ட அதே வளையத்தை இன்று ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். அந்த மாணவியின் கேள்விக்கு மீதி விடை இதுதான். பாறையில் விரல் கிழியக் கொய்த பாசியின் இனமே, எங்கோ ஒரு மருத்துவமனையில் எந்த மருந்து உயிர் காக்கும் என்று காட்டுகிறது.

சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. 2014 மார்ச் முதல் முக்கியமான பல நுண்ணுயிர்க் கொல்லிகள் எச்-1 என்னும் அட்டவணையில் வந்தன. மருத்துவர் சீட்டு இன்றி அவற்றை விற்கலாகாது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும். 2016-இல், மாத்திரை அட்டையில் செங்குத்தாய் இருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்து மருத்துவர் சீட்டு வேண்டும் மருந்தை அடையாளம் காணுமாறு மக்களுக்கு உணர்த்தும் இயக்கம் தொடங்கிற்று. ஆனால் பதிவேடு மட்டும் கிருமியைத் தடுக்காது. காய்ச்சல் என்றவுடன் "போன தடவை கேட்ட அந்த மாத்திரையில் இரண்டு கொடுங்கள்" என்று கடையில் நிற்பவரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் கெட்டவர் அல்லர். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது அவருடைய கணக்கு. அக்கணக்கின் மறுபக்கத்தை எடுத்துச் சொல்வது படித்த பிள்ளைகளாகிய உங்கள் கடமை. மருத்துவர் சொல்லாமல் உண்ணாதீர்கள். சொன்ன நாளளவு குறையாமல் உண்ணுங்கள். மிஞ்சிய மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். வைரசுக் காய்ச்சலுக்கு மருத்துவர் மருந்து வேண்டாம் என்றால் அதற்காக மனம் குறைபடாதீர்கள். கை கழுவுவதும், தூய நீர் பருகுவதும், தடுப்பூசி இட்டுக்கொள்வதும் நோயையே தடுப்பதால் மருந்தின் தேவையும் குறையும்.

இதற்கு நாம் தொலைதூரத்தில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. கடலிலுள்ள பாசி யாருடைய தனிச் சொத்தும் அன்று. ஒருவர் வேரோடு பிடுங்கினால் அடுத்த பருவத்தில் அனைவருக்கும் இல்லாமற் போகும். இதை உணர்ந்து, நம் கரையின் பாசிக்காரப் பெண்கள் தமக்குள் கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று வரையறை செய்துகொண்டார்கள். எடுக்கும்போதும் அடிப்பகுதியை விட்டு நுனியை மட்டும் கொய்கிறார்கள். அவர்களுள் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015-இல் சீகாலஜி பரிசு பெற்றார். நாள் கூலியை நம்பி வாழும் அவர்களே மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாளைக் கடலுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நுண்ணுயிர்க் கொல்லியின் ஆற்றலும் அத்தகைய பொதுச் சொத்தே. பணம் கொடுத்து நாம் வாங்குவது மாத்திரையை மட்டும். அது வேலை செய்யும் ஆற்றல் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும், இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் உரியது. தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் அந்தப் பாசிப் படுகையை வேரோடு கிள்ளுவதற்கு ஒப்பாகும். கடலுக்குள் மூழ்கும் அப்பெண்கள் காத்துவரும் அளவை, கரையில் மருந்து உண்ணும் நாமும் காப்போமாக.